கடைத்தெருவில் வரும் கணக்கு கரும்பலகையில் வராதது ஏன்?

கொல்கத்தா காய்கறிச் சந்தைகளில் கடை பார்க்கும் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்க் காய் வாங்கினார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ, நீட்டியது 200 ரூபாய்த் தாள். காகிதமோ பேனாவோ இல்லாமல் 37 போக 163 ரூபாய் மீதி சரியாக வந்தது. அதே பிள்ளைகளிடம் ஒரு மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்லித் தாளைக் கொடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் விடை வந்தது.

நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் இந்த ஆய்வு 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் தாள் கணக்கில் இவர்களைவிட மேலாக இருந்தார்கள். சந்தைக் கணக்கைக் கொடுத்ததும் திணறிப்போனார்கள். இரு தரப்புக்கும் கணக்கு தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு எட்டவில்லை.

ஆண்டின் தொடக்கத்தில், கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘அசர்’ அறிக்கை வெளியானால், ‘எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியவில்லை’ என்று இரண்டு நாள் பேசுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 46 சதவீதத்தினருக்கும், ஐந்தாம் வகுப்பில் சுமார் 31 சதவீதத்தினருக்கும்தான் எளிய வகுத்தல் வந்தது. ஆசிரியர் சரியில்லை, பிள்ளைக்கு அக்கறை இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று பழி போட ஆள் தேடுகிறோம். கொல்கத்தாப் பிள்ளைகள் வேறொரு காரணத்தைக் காட்டுகிறார்கள். கணிதம் ஒரு மொழி. அதற்கு எழுத்து உண்டு, இலக்கணம் உண்டு, வாக்கியம் உண்டு. அதை மொழியாகச் சொல்லிக்கொடுக்காமல், விடை வரவழைக்கும் செய்முறையாக மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

சமக்குறி என்ன சொல்கிறது?

ஏதாவது ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். ‘12-உடன் 8-ஐக் கூட்டி, இரண்டால் பெருக்கி, 5-ஐக் கழி’ என்ற கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்: 12 + 8 = 20 × 2 = 40 − 5 = 35. விடை சரி என்பதால் சிவப்பு மையில் ஒரு டிக் விழுந்திருக்கும்.

அந்த வரியை வாக்கியமாகப் படித்துப் பாருங்கள். 12-உம் 8-உம் சேர்ந்தால் 40 என்கிறது. அந்த 40-உம் 35-உம் சமம் என்கிறது. தமிழ்ப் பாடத்தில் இப்படியொரு வாக்கியத்தை எழுதினால் ஆசிரியர் விடுவாரா? கணக்கில் விட்டுவிடுகிறோம். காரணம், பிள்ளைக்கு அந்த இரட்டைக் கோடு ‘இரு பக்கமும் ஒன்றே’ என்று சொல்லவில்லை. ‘இதோ விடை வருகிறது’ என்று சொல்கிறது. கால்குலேட்டரின் பொத்தானும் அதைத்தானே சொல்கிறது!

இது உலகெங்கும் உள்ள சிக்கல். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் ‘8 + 4 = கட்டம் + 5’ என்று எழுதி, கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், 145 பேரும் 12 என்றோ 17 என்றோதான் எழுதியிருந்தார்கள். சரியான விடையான 7-ஐ ஒருவர்கூட எழுதவில்லை. எட்டும் நாலும் பன்னிரண்டு என்பது அத்தனை பேருக்கும் தெரியும். வாக்கியத்தைப் படிக்கத்தான் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்புவரை இந்தக் குறை வெளியே தெரியாது. பிறகு இயற்கணிதம் வந்ததும் வெடிக்கும். சமக்குறியை ‘விடை இங்கே’ என்று படிக்கும் பிள்ளைக்கு, 3எக்ஸ் + 5 = எக்ஸ் + 11 என்ற வரி அர்த்தமற்ற கிறுக்கல். வலப் பக்கம் விடை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கணக்கல்லவா இருக்கிறது? அங்கே தொடங்கும் பயம் பத்தாம் வகுப்புவரை கூடவே வருகிறது.

குறிகள் பிந்தி வந்தவை

கணிதக் குறிகள் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையவை அல்ல. கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் வந்தது 1489-இல், யோகன்னஸ் விட்மன் எழுதிய ஜெர்மன் வணிகக் கணக்குப் புத்தகத்தில். சமக்குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர் போட்டார். ‘சமமாகும்’ என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போன அவர், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறெவை என்று அவற்றையே குறியாக்கிக்கொண்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூல் முழுவதும் சொற்களாலேயே ஆனது. அதற்கும் முன்னால், 628-இல் பிரம்மகுப்தர் மிகை எண்களைச் செல்வம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் சொல்லி விதி வகுத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தால் நம் பழங்கணிதர்கள் கருப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயரை வைத்து, அவற்றின் முதலெழுத்தைச் சுருக்கமாக எழுதினார்கள். தமிழில் ‘கணக்கதிகாரம்’ செய்யுளாகவே கணக்குச் சொன்னது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி, கேட்டு, பிறகு மணலிலும் ஓலையிலும் எழுதினார்கள்.

முதலில் பேச்சு, பிறகு சுருக்கெழுத்து, கடைசியில் குறி. மனிதகுலம் பல நூற்றாண்டுகள் நடந்து கடந்த வழி இது. ஆறு வயதுப் பிள்ளையை நாம் ஒரே பருவத்தில் கடக்கச் சொல்கிறோம், அதுவும் பேச்சு என்ற முதல் படியை விட்டுவிட்டு.

பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கீழ் இரண்டை எழுதிவிட்டு வகுப்பில் ‘ஒன் பை டூ’ என்கிறோம். தமிழ்வழி வகுப்பிலும் ‘ஒன்று பை இரண்டு’தான். காதில் விழுவது இரண்டு தனித்தனி எண்கள். அதனால்தான் ஒன்று பை இரண்டையும் ஒன்று பை மூன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இரண்டு, கீழே ஐந்து என்று பிள்ளை கூசாமல் எழுதுகிறது. அதையே ‘அரையோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்’ என்று சொல்லிப் பாருங்கள். அரையோடு எதைச் சேர்த்தாலும் அரையைவிடக் குறையாது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தில் இரண்டு பங்கு அரைக்கும் குறைவு என்று அதுவே கண்டுபிடித்துவிடும். கால், அரை, முக்கால், அரைக்கால் என்று கடைத்தெருவில் இன்றும் புழங்கும் பேச்சு வகுப்பறை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. வாய்ப்பாடு வேண்டும், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஆனால் சொல் தெரிந்தவருக்கெல்லாம் பேச வந்துவிடுவதில்லை.

கப்பல் தலைவருக்கு என்ன வயது?

‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள், 1980 வாக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் இதைக் கேட்டார்கள். 76 பேர் இருந்த எண்களை வைத்தே ஒரு விடை சொல்லிவிட்டார்கள். 36 வயது!

சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. பள்ளிக்கூடம் கேட்கும் கேள்விக்கு விடை கட்டாயம் உண்டு, அது கொடுத்த எண்களிலிருந்துதான் வரும், ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதம்’ என்றால் கழி என்ற எழுதப்படாத சட்டத்தை நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள். கேள்வியைப் படிக்காமலே விடை எழுதும் பயிற்சியை நம் பிள்ளைகளும் நன்றாகப் பெறுகிறார்கள்.

இதில் பெரியவர்களும் தப்புவதில்லை. ‘ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக’ என்று அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் 1980-களின் தொடக்கத்தில் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதினார்கள். மாணவர் எண்ணிக்கையை ‘மா’ என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை ‘பே’ என்றும் வைத்தால், மா = 6பே என்பதே சரி. பலர் 6மா = பே என்று எழுதினார்கள். மாணவர் 10 பேர் என்று வைத்துப் பார்த்தாலே பேராசிரியர் 60 பேர் என்று வந்து பல்லிளித்திருக்கும். எழுத்தை எண்ணாகப் படிக்காமல் ஆட்களின் பெயர்ச்சுருக்கமாகப் படித்ததன் விளைவு இது. ‘3ஏ என்றால் மூன்று ஆப்பிள்’ என்று வகுப்பில் சொல்லும்போது அந்தத் தவறை நாமே விதைக்கிறோம்.

‘என்றால்’ என்ற கண்ணி

கணித மொழியின் இலக்கணத்துக்குத் தர்க்கம் என்று பெயர். மற்றும், அல்லது, இல்லை, என்றால் ஆகிய நான்கு சொற்களில் அதன் அடிப்படை அடங்கிவிடும். இவற்றைப் பத்தாம் வகுப்புவரை நாம் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை.

மேசையில் நான்கு அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரிபவை: அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண்’ என்பது விதி. விதி பொய்யா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் ஆங்கில எழுத்துகளில் அமைத்த புதிர் இது. பலரும் அ-வையும் 4-ஐயும் திருப்புகிறார்கள். சரியான விடை அ-வும் 7-உம். நான்கின் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வதில்லை.

ஆனால், 1982-இல் இதே புதிரை வேறு உடுப்பில் கொடுத்தார்கள்: ‘பீர் குடிப்பவர் என்றால் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். யார் யாரைச் சோதிப்பீர்கள்?’ நான்கில் மூவர் பங்குக்குச் சரியாகச் சொன்னார்கள். பீர் குடிப்பவரின் வயதைப் பார், பதினாறு வயதுக்காரரின் கோப்பையைப் பார்; அவ்வளவுதானே! கொல்கத்தாச் சந்தையில் பார்த்ததுதான் இங்கும் நடக்கிறது. வாழ்க்கையில் தர்க்கம் வருகிறது, குறியாக எழுதினால் போய்விடுகிறது.

‘போனால் போகட்டும்’ என்று விட முடியாது. ‘டெங்கு என்றால் காய்ச்சல் இருக்கும்’ என்ற வாக்கியத்தை, ‘காய்ச்சல் என்றால் டெங்கு’ என்று திருப்பிப்போட்டால் ஒரு தெருவே பீதியில் ஆழும். வாட்ஸ்அப்பில் சுற்றும் வதந்திகளில் பாதி இப்படித் திருப்பிப்போட்ட ‘என்றால்’தான் என்பது என் கணிப்பு.

அரசு அறிவிப்புகளிலும் இந்தத் தர்க்கக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், ஐந்து ஏக்கருக்குக் குறைவான நன்செய் அல்லது பத்து ஏக்கருக்குக் குறைவான புன்செய், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் வந்தன. இவற்றில் ஒன்று போதுமா, எல்லாம் வேண்டுமா? நான்கு ஏக்கர் நன்செயோடு பன்னிரண்டு ஏக்கர் புன்செயும் வைத்திருப்பவர், அந்த ‘அல்லது’வின்படி உள்ளே வருகிறாரா, வெளியே நிற்கிறாரா? ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க வாதாடக்கூடிய கேள்வி இது. எழுதும் அதிகாரிகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் நல்லது.

வட்டிக்காரருக்குத் தெரிந்த மொழி

கணித மொழி தெரியாததன் விலையை அதிகம் கொடுப்பவர்கள் ஏழைகள். தெருவோரக் கடைக்காரர் ஒருவர் தண்டல் வாங்குகிறார். 10,000 ரூபாய்க் கடனில் 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கிடைக்கிறது. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, நூற்றுக்குப் பதினைந்து’ என்றுதான் வாங்குபவரின் மனக்கணக்கு ஓடும்.

மனக்கணக்கு தவறல்ல, அது பாதி வாக்கியம். கடன் ஓராண்டுக்கு அல்ல, நூறு நாளுக்கு. கையில் இருந்ததும் முழுத்தொகை அல்ல. தினம் 100 ரூபாய் திரும்பப் போய்க்கொண்டே இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

படித்தவர்கள் வாங்கும் கடனிலும் இந்த வித்தை உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு ‘பத்து சதவீத ஃபிளாட் வட்டி’, பன்னிரண்டு தவணை. மாதத்துக்கு 9,167 ரூபாய் என்றால் மலிவாகத் தெரிகிறது. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியை மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் போடுகிறார்கள். உண்மையான வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். தனிநபர் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும், எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டுச் சதவீத வீதத்தை ஒரு தாளில் தெளிவாக எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்கிறார்கள்?

செய்யக்கூடியவை

தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும். எனவே வினாத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 என்று 16 மதிப்பெண் இருக்கிறது. அதையும் ஒரு மதிப்பெண் வினாக்களையும் பிடித்துக்கொண்டால் தேர்ச்சிக்கான 35-ஐ நெருங்கிவிடலாம் என்பது மெல்லக் கற்கும் மாணவர்களுக்குச் சொல்லப்படும் தாரக மந்திரம். தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது, மொழி வருவதில்லை. நூறில் பத்து மதிப்பெண்ணையாவது வேறு வகைக் கேள்விக்கு ஒதுக்கலாம். தீர்த்துவைத்த ஒரு கணக்கைக் கொடுத்து, எந்த வரியில் தவறு, ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லலாம். ‘இந்தத் தகவலை வைத்து விடை காண முடியாது’ என்பதே சரியான விடையாக ஒரு கேள்வி இருக்கலாம். முதல் ஆண்டு கூச்சல் கிளம்பும், கிளம்பட்டும்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து தொடக்க வகுப்புகளில் பாட்டும் விளையாட்டும் பொருள்களுமாகக் கணக்கு உயிர்பெற்றிருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் பொருளிலிருந்து நேராகக் குறிக்குத் தாவாமல், இடையில் பேச்சை வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை கணிதப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம், கரும்பலகையில் உள்ள ஒரு வரியை ஒரு பிள்ளை எழுந்து தன் வீட்டுத் தமிழில் வாசிக்கட்டும். வாரம் ஒருமுறை தலைகீழாக: 7 × 8 − 6 என்பதை ஆசிரியர் எழுத, அதற்குப் பொருந்தும் கதையைப் பிள்ளைகள் எழுதட்டும். பேருந்தோ, முறுக்கோ, கோழிமுட்டையோ, அவர்கள் இஷ்டம்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை; அவர்களும் இதே வழியில் படித்து வந்தவர்கள்தான். வட்டார வள மையங்களில் நடக்கும் பயிற்சிகளில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மணியை ஒதுக்கி, பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பலாம். இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது என்று பத்து ஆசிரியர்கள் சேர்ந்து பேசுவதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்பு வட்டிப் பாடத்தில் நிஜமான கடன் தாள் ஒன்றை, வங்கியின் பெயரை மறைத்துவிட்டு, அப்படியே அச்சிடலாம். தண்டல் கணக்கையும் சேர்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நலத்திட்ட நிபந்தனைகளை வெளியிடும் துறைகள், ‘கீழ்க்கண்ட அனைத்தும்’ என்றோ ‘கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று’ என்றோ தலைப்பிலேயே எழுதுவதற்கு ஓர் அரசாணைகூடத் தேவையில்லை.

பெற்றோர் அடுத்த மின்கட்டண விவரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு மாதக் கணக்கில் முதலில் குறிப்பிட்ட யூனிட்டுகள் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முன்பு குறைந்த விலையில் இருந்த யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடிவிடும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கும் 501 ஓடிய வீட்டுக்கும் கட்டணம் ஏன் நூறு ரூபாய்க்கு மேல் வேறுபடுகிறது என்று பிள்ளை விளக்கட்டும். அடுத்த ரீடிங் எடுப்பதற்கு முன்பே மீட்டரைப் பார்த்துவைக்கும் வேலையையும் அதற்கே கொடுத்துவிடலாம்.